அம்பும் எண்ணும்

விளையாட்டைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதப் புகுவோர் உதைபந்தாட்டத்தையோ துடுப்பாட்டத்தையோ எடுத்துக்கொள்வதே வழக்கம். மைதானத்திற் பெற்ற வெற்றிகள் கல்லூரி வரலாற்றிற் பொறிக்கப்படுவன. ஆதலின் அவ்வழக்கம் பொருத்தமானதே. யான் இங்கு எடுத்துக்கொண்டதோ மைதானம் வேண்டாத, ஒரு சுவரும் எட்டடி நிலமும் அமைந்தாற் போதுமான, மிகச் சிறிய விளையாட்டொன்று. மேனாட்டார் அதனை டார்ட்ஸ் என்பர். கையடக்கமான அம்பைச் சுவரிலே தொங்கும் வட்டப் பலகையை நோக்கி எறிதலே அது. இதற்கும் ஒரு கட்டுரை வேண்டுமோ என வினவும் அன்பர்கள் சிறிது பொறுத்தருள்க. இச்சிறு விளையாட்டினுள்ளே கல்வி பற்றிய பெரியதொரு வினா அடங்கிக் கிடக்கின்றது.

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு ஆகிய ஊர்களின் மக்கள் இன்று இலண்டனிலும் பாரிசிலும் சுவிற்சர்லாந்திலும் ஜேர்மனியிலும் கனடாவிலும் பரந்து வாழ்கின்றனர். கடல் கடந்தும் அவர்கள் தாம் பயின்ற கல்லூரியை மறந்தாரல்லர். நயினை நாகபூசணி அம்மன் உற்சவத்தையொட்டி ஊர் வருவோர், குறிகாட்டுவான் துறையிலே படகுக்குக் காத்திருக்கும்போதே, கல்லூரிக்கு இம்முறை யாது செய்யலாம் எனப் பேசிக்கொள்வதை யாமனைவரும் கேட்டிருக்கின்றோம். அத்தகைய பழைய மாணவர் ஒருவர், மாணவர் விளையாட்டறைக்கு டார்ட்ஸ் பலகை ஒன்று வாங்கித்தர விரும்புவதாகவும், பழைய முறையிலமைந்த உருக்குமுனைப் பலகையை அனுப்புவதா, புதிய இலத்திரனியற் பலகையை அனுப்புவதா எனத் தெளியவில்லை என்றும் எனக்கு எழுதினார். அவருக்கு யான் எழுதிய மறுமொழியின் விரிவே இக்கட்டுரை.

முதற்கண் இரண்டு பலகைகளின் இயல்பையும் அறிதல் வேண்டும். பழைய பலகை 451 மில்லிமீற்றர் விட்டமுடைய வட்டம். அதன் நடுப்புள்ளி நிலத்திலிருந்து 5 அடி 8 அங்குல உயரத்தில் இருக்கும். எறிபவர் 7 அடி 9¼ அங்குலத் தூரத்திலே கோட்டின் பின் நிற்பார். வட்டம் 20 கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, 1 முதல் 20 வரை எண்ணிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு கூறிலும் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் அகலமுள்ள ஈரிடங்கள் உள்ளன. விளிம்பை ஒட்டியது எண்ணை இரட்டிப்பது. உள்ளே இருப்பது எண்ணை மும்மடங்காக்குவது. நடுவிற் சிறு கண்ணுக்கு 50, அதனைச் சூழ்ந்த வளையத்துக்கு 25. ஒருவர் ஒரு முறைக்கு மூன்று அம்புகள் எறிவார். 501 என்னும் எண்ணிலே தொடங்கி, எறிந்து பெற்றதைக் கழித்துக்கொண்டே வந்து, இறுதி அம்பை இரட்டை வளையத்திலோ நடுக்கண்ணிலோ பாய்ச்சிச் சரியாகச் சுழியத்தை அடைபவரே வென்றவர்.

முற்காலத்தில் இப்பலகை மரத்தினாற் செய்யப்பட்டது. அம்பு துளைத்த வடு மூடுதற்பொருட்டு அதனை இரவு முழுவதும் நீரில் ஊறவைப்பராம். 1930களில் இங்கிலாந்தின் நோடர் நிறுவனத்தார் கற்றாழையினத்ததாகிய சிசல் நாரினாற் பலகை செய்யும் முறையைக் கொணர்ந்தனர். நாரைக் கட்டுக்கட்டாக இறுக்கி, நுனிகள் எறிபவரை நோக்கியிருக்குமாறு அமைத்து, இரும்பு வளையமொன்றினால் நெருக்கிப் பிடிப்பதே அம்முறை. உருக்குமுனை நாரை அறுப்பதில்லை. இரண்டு நாருக்கு இடையே புகுந்து நிற்கின்றது. அம்பை எடுத்தவுடன் நார்கள் மீண்டும் நெருங்கித் துளையை மூடிவிடுகின்றன.

புதிய பலகையோ 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலே, இலினோய் மாநிலத்து இறொக்பேட் நகரிலே, அரக்னிட் என்னும் நிறுவனத்தினின்று வளர்ந்தது. இதன் முகம் பிளாஸ்டிக்கினாலானது. ஆயிரக்கணக்கான நுண்துளைகள் அதில் உள்ளன. அம்பின் முனையும் மென்மையான பிளாஸ்டிக்கே. அம்பு துளையிற் செருகும்போது அக்கூறு சிறிது உள்ளே அமுங்க, பின்னாலுள்ள மின்சுற்று ஒன்று பூர்த்தியாகின்றது. எந்தக் கூறு அமுங்கிற்று என்பதை அறிந்து, எண்ணைக் கணித்து, கழித்து, மிச்சத்தைத் திரையிலே காட்டிவிடுவது கணினி. எறிபவர் நிற்கும் தூரம் 8 அடி. மதுச்சாலைகளில் நாணயமிட்டு ஆடும் பொறியாகத் தோன்றிய இது, பின்னர் யப்பான், கொரியா, ஸ்பெயின், ஜேர்மனி முதலிய நாடுகளிற் பெரிதும் பரவிற்று. வீட்டுச் சுவரில் மாட்டத்தக்க சிறு வடிவங்களும் வந்துவிட்டன.

இவ்விரண்டையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் முனையைப் பற்றியே பேசுவர்: உருக்கு நல்லதா, பிளாஸ்டிக்கு நல்லதா என்பர். எனக்கு அது இரண்டாந்தரமான வேறுபாடாகவே தோன்றுகின்றது. மாணவரைப் பொறுத்தமட்டில் தலையாய வினா ஒன்றே. எண்ணுபவர் யார்? பழைய பலகையில் ஆடுபவரே எண்ணுகின்றார். புதிய பலகையிலே பொறி எண்ணுகின்றது.

இதன் பொருளை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சியொன்றைச் சொல்லுதல் தகும். தீவகத்து மன்றமொன்றிலே ஒரு மாலைப்பொழுது. இளைஞர் இருவர் இலத்திரனியற் பலகையில் ஆடிக்கொண்டிருந்தனர். ஆட்டம் முடியுந் தறுவாயில் மின்சாரம் நின்றுவிட்டது; திரை இருண்டது. வெளிச்சம் இன்னும் போதுமானதாகவே இருந்தது. அம்பும் கையில் இருந்தது. பலகையும் சுவரில் இருந்தது. ஆயினும் ஆட்டம் நின்றுவிட்டது.

"அண்ணை, எனக்கு எத்தினை மிச்சம் இருந்தது?" என்றான் இளையவன்.

"எனக்கென்னடா தெரியும்? மிசின்தானே பாத்துக்கொண்டிருந்தது" என்றான் மற்றவன்.

வாங்கிலிருந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலை நிமிராமலே, "நாங்கள் கிட்டிப்புள் அடிக்கேக்கை ஆயிரம் மட்டும் வாயாலை எண்ணினனாங்கள், தம்பி" என்றார். இளைஞர் சிரித்தனர், யானும் சிரித்தேன். சிறிது நேரத்தில் மின்சாரம் வந்தது. பொறி யாதும் அறியாததுபோல 501இலிருந்து மீளத் தொடங்கிற்று. வீட்டுக்கு நடந்துவரும்போது எனக்குச் சிரிப்பு மறைந்து கவலை உண்டாயிற்று. அவ்விளைஞர் இருவரும் கல்லாதவரல்லர், கணிதத்திற் சித்தியடைந்தவரே. தம் எண்ணைத் தாமே வைத்திருக்க வேண்டிய தேவை அவர்க்கு அதுவரை நேரவில்லை என்பதே குறை.

இனி, அவ்வெண்ணை வைத்திருப்பதில் அப்படி என்ன கல்வி உண்டெனக் கேட்பாரும் உளர். ஓர் உதாரணம் காண்போம். ஒரு மாணவனுக்கு 121 மிச்சம். கையில் மூன்று அம்புகள். முதலம்பை மும்மடங்கு 20இல் எறிய எண்ணுகின்றான். பட்டால் 60 போக 61 நிற்கும். அடுத்து மும்மடங்கு 15 எறிந்தால் 16 நிற்கும். இறுதியம்பை இரட்டை 8இல் எறிந்து முடிக்கலாம். முதலம்பு சிறிது விலகித் தனி 20இற் பட்டாலோ மிச்சம் 101. அப்போது வழி முழுவதும் மாறுகின்றது: மும்மடங்கு 17 எறிந்து 51ஐக் கழித்து, நடுக்கண்ணில் 50 எறிதல் வேண்டும். இன்னும் விலகி அயலிலுள்ள 1இற் பட்டாலோ மிச்சம் 120. இரண்டு அம்புகளால் முடிக்கத்தக்க மிகப்பெரிய எண் 110 ஆதலின், இம்முறை முடிக்க வழியில்லை. அடுத்த முறைக்கு வசதியான எண் எது என்பதைச் சிந்தித்தல் வேண்டும். மும்மடங்கு 20இலும் தனி 20இலும் எறிந்தால் 40 நிற்கும். அடுத்த முறை இரட்டை 20 எறிந்து முடிக்கலாம். இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்தில், எழுதுகோலின்றி, எதிராளி பார்த்திருக்க, மனத்தினுள் நடைபெறுவது. வகுப்பறையில் மனக்கணக்கை வெறுக்கும் மாணவன் இங்கே தானாக விரும்பிச் செய்கின்றான்.

32 என்னும் எண்ணை நல்ல ஆட்டக்காரர் ஏன் விரும்புகின்றனர் என்பதும் மாணவர்க்குச் சொல்லத்தக்கது. இரட்டை 16ஐக் குறிவைத்துச் சிறிது உள்ளே தவறினால் 16 கழிந்து 16 நிற்கும். அதற்கு இரட்டை 8. அங்கும் அவ்வாறே தவறினால் 8. அதற்கு இரட்டை 4. பின்னர் இரட்டை 2, பின்னர் இரட்டை 1. ஒவ்வொரு தவறுக்குப் பின்னும் ஒரு வாயில் திறந்தே இருக்கின்றது. ஒற்றையெண்ணை மிச்சம் வைத்தவனுக்கு இவ்வசதி இல்லை. அவன் ஓரம்பைச் செலவிட்டு எண்ணை இரட்டையாக்கிக்கொள்ளுதல் வேண்டும். இரண்டின் அடுக்குகளை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதினும், இவ்வொரு மாலை விளையாட்டு ஆழமாகப் பதியவைக்கும்.

பலகையில் எண்கள் அமைந்த ஒழுங்கும் ஒரு பாடமே. 1896இல் பிரயன் காம்லின் என்பவர் அதனை வகுத்தார் என்பர். அதற்குத் திடமான சான்று இல்லை. யார் வகுத்தாரெனினும் மனித இயல்பை நன்கறிந்தே வகுத்திருக்கின்றார். 20இன் இருபுறமும் 1உம் 5உம் நிற்கின்றன. ஆசைப்பட்டு 20ஐக் குறிவைத்துச் சற்றே தவறுபவன் பெறுவது மிகச் சொற்பம். மூன்று அம்புகள் 20, 1, 5 எனச் சிதறினால் மொத்தம் 26. அதே கையோடு 14ஐக் குறிவைத்தவனுடைய அம்புகள் 14, 11, 9 எனச் சிதறினாலும் 34 பெறுவான். தன் கையின் உறுதியை அறிந்து குறியைத் தேர்ந்துகொள் என்பதே இதன் போதனை. இவ்வொழுங்கு இரு பலகைகளிலும் ஒன்றே. ஆயினும் திரையைப் பார்த்து ஆடுபவனினும், தன் எண்ணைத் தானே கூட்டி எழுதுபவனே தன் ஆசை தனக்கு விளைத்த நட்டத்தைத் தெளிவாகக் காண்பான்.

கணிதத்தினும் மேலான பயனொன்று உண்டு, அது வாய்மை. பழைய முறையில் பலகையின் அருகே சிறு கரும்பலகை ஒன்று தொங்கும். எறியாதவன் ஒருவன் வெண்கட்டியோடு அங்கு நின்று இருவர் கணக்கையும் எழுதுவான். எண்ணி முடியும்வரை அம்பைத் தொடலாகாது. கம்பியின் எப்பக்கத்தில் முனை நிற்கின்றது என்பதை அருகிற் சென்று பார்த்தே சொல்லுதல் வேண்டும். தன் நண்பனுக்கு ஓரெண் கூட்டி எழுதுவதும், தனக்குப் பிடியாதவனுக்கு ஓரெண் குறைத்து எழுதுவதும் அவனுக்கு இயலாத காரியமல்ல. இயலும் என்பதனாலேயே அவன் நேர்மைக்கு மதிப்பு உண்டாகின்றது. தனக்குக் கூடுதலாக எழுதப்பட்ட எண்ணை, "இல்லை, அது 5தான்" என்று தானே திருத்தும் மாணவனை யான் கண்டிருக்கின்றேன். அவ்வொரு சொல்லுக்காக இவ்விளையாட்டை நம் விளையாட்டறையிற் சேர்க்கலாம் என்பது என் துணிபு.

பொறியிலோ இத்தகைய சோதனைக்கு இடமில்லை. அங்கு பொதுவிதி, பொறி சொன்னதே முடிவு என்பது. பலகையிற் போதிய விசையோடு பட்டுக் கீழே விழுந்த அம்பையும் அது எண்ணிக்கொள்ளும். பலகையிற் செருகி எல்லார் கண்ணுக்கும் தெரிய நின்ற அம்பையும் சிலவேளைகளில் எண்ணாமல் விட்டுவிடும். பழைய பலகையில் விழுந்த அம்புக்கு எண்ணில்லை. நின்ற அம்புக்கு எண் உண்டு. கண்ணாற் காணும் உண்மையும் கணக்கும் ஒன்றாய் நிற்பது அங்கேதான்.

இனி, புதிய பலகையை ஆதரிப்போர் கூறுவனவற்றையும் நடுநின்று நோக்குதல் கடன். அவர் கூறுவன நான்கு.

முதலாவது, பாதுகாப்பு. உருக்குமுனை கூரியது, கம்பியிற் பட்டுத் தெறித்துக் காலில் விழலாம், குறும்புக்காரர் கையில் அது படைக்கலமாகவும் ஆகலாம். இவ்வாதத்தை யான் முழுமையாக ஏற்றுக்கொள்கின்றேன். ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர் கையில் உருக்குமுனையைக் கொடுத்தல் தகாது. அவர்க்கு மென்முனையே உரியது. மேல்வகுப்பு மாணவர்க்கோ, கோட்டின் பின்னே ஒருவர், மற்றையோர் அவருக்கும் பின்னே, அம்பு எடுக்கும்வரை எவரும் முன்னே செல்லலாகாது என்னும் மூன்று விதிகளைக் கண்டிப்பாக நிலைநாட்டினால் அச்சமில்லை. இரசாயன ஆய்வுகூடத்தில் அமிலத்தையும் சுவாலையையும் அவர்களிடம் நம்பிக் கொடுக்கின்றோம் அன்றோ?

இரண்டாவது, கணக்கிற் கூச்சமுள்ள பிள்ளைகள் பொறி இருப்பின் துணிந்து ஆடுவர் என்பது. இதிலும் உண்மையுண்டு. பலர் முன்னிலையிற் கழித்தலிற் பிழைவிட்டுச் சிரிப்புக்கு ஆளாதல் இளமனத்தை வாட்டும். அத்தகையோர்க்குப் பொறி ஒரு வாயிலாகலாம். வாயிலை ஏற்படுத்துதல் நன்று. வாயிலிலேயே இருந்துவிடச் செய்தல் நன்றன்று.

மூன்றாவது, சச்சரவு இல்லை என்பது. பொறி தீர்ப்புச் சொல்வதால் வாய்ச்சண்டைக்கு இடமில்லையாம். எனக்கோ அது குறையாகவே படுகின்றது. கருத்து வேறுபாட்டைக் கைகலப்பின்றித் தீர்க்கும் பழக்கம் எங்கேனும் ஓரிடத்திற் பயிலப்படல் வேண்டும். ஓரெண்ணுக்காக இருவர் பலகையருகே சென்று உற்றுப் பார்த்து, மூன்றாமவன் சொல்லை ஏற்று மீளும் பழக்கம், பிற்காலத்திற் சங்கத்திலும் ஆலய பரிபாலன சபையிலும் கணக்குப் பார்க்க இருப்போர்க்கு மிக வேண்டியது.

நான்காவது வாதமே வலியது. இலத்திரனியற் பொறிகளை வலையமைப்பினால் இணைத்துவிட்டால் வெவ்வேறு ஊரிலுள்ளோர் ஒருவரோடொருவர் ஆடலாம். யப்பானில் இது பெருவழக்கு. சூரிச்சிலுள்ள பழைய மாணவர் நயினாதீவிலுள்ள மாணவனோடு ஆடுதல் எத்துணை இனிய காட்சி! இதனை நினைந்து யானும் சிறிது தடுமாறினேன். பின்னர் நினைவுக்கு வந்தது 2020ஆம் ஆண்டு. கொரோனாத் தொற்றினால் உலகம் கதவடைத்திருந்த அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தில், தொழில்முறை ஆட்டக்காரர் தத்தம் இல்லங்களிலே வழக்கமான நார்ப்பலகையை மாட்டி, ஒளிப்படக் கருவியின் வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போட்டி நடத்தினர். ஆதலின் தூரத்திலுள்ளோரோடு ஆடுதற்குப் பலகை பொறியாதல் வேண்டுவதில்லை. கைத்தொலைபேசியும் நேர்மையும் போதும். மேலும் இக்காலத்தில் உருக்குமுனைப் பலகைக்கும் தானாக எண்ணிச் சொல்லும் ஒளிப்படக் கருவிகள் வந்துவிட்டன. எனவே உருக்கை வாங்கிவிட்டோம், கடமை முடிந்தது என்று இருக்கவும் இயலாது. எண்ணும் வேலையை மாணவனிடமே விட்டுவைக்கும் உறுதி நமக்கு வேண்டும்.

இவ்விரு முறைகளும் ஒன்றற்கொன்று பகையென யான் கூறவில்லை. சிங்கப்பூரிற் பிறந்த போல் லிம் என்பார் இதற்குச் சிறந்த சான்று. இளமையிற் சமையற்கலை பயில இங்கிலாந்து சென்ற அவர் அங்கு இவ்விளையாட்டைக் கற்றார். 1990ஆம் ஆண்டு உலக வாகைப் போட்டியில், 501ஐ ஒன்பதே அம்புகளால் முடித்த முதல்வர் அவரே. முதல் மூன்றம்பால் 180, அடுத்த மூன்றால் 180, இறுதி மூன்றால் 60, 57, 24 என 141. இதனினும் குறைந்த அம்புகளால் முடித்தல் எவர்க்கும் இயலாது. அதற்கு அவர் பெற்ற பரிசு 52,000 பவுண். அவ்வாண்டு வாகை சூடிய பில் டெயிலர் பெற்றது 24,000 பவுண். அதே போல் லிம் 2011இல் மென்முனை உலகத் தொடரிலும் வாகை சூடினார். பின்னர், 63 வயதில், 2018ஆம் ஆண்டு உலக வாகைப் போட்டியில் மீண்டும் உருக்குமுனையோடு நின்று முன்னாள் வாகையாளர் மார்க் வெப்ஸ்டரை வென்றார். எண்ணத் தெரிந்த கைக்கு முனை ஒரு பொருட்டன்று என்பதை அவர் வாழ்க்கை காட்டுகின்றது.

மென்முனையிற் பயின்ற யப்பானிய மங்கை மிக்குரு சுசுக்கி, 2019, 2020 ஆகிய ஈராண்டும் உருக்குமுனையில் மகளிர் உலக வாகை சூடினார். 2025 சனவரியில் 17 வயதிலேயே உலக வாகை சூடிய இங்கிலாந்தின் லூக் லிட்லர், நடை பயிலும் பருவத்தில் முதன்முதற் பிடித்தது காந்தப் பலகையின் அம்பாம். மெல்லியதிலே தொடங்கி வலியதை அடைதல் இயற்கையான வளர்ச்சி. நம் முன்னோர் பிள்ளைக்கு முதலிற் மணலில் விரலால் எழுதப் பழக்கி, பின்னரே எழுத்தாணியைக் கொடுத்தனர். மணலோடு நிறுத்தியிருந்தால் ஏடுகள் ஏது?

இத்தீவகத்துக்கே உரிய காரணங்களும் சில உள. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியே ஒளி பெற்று வந்தவை. அம்மூன்று தீவுகளிலும் காற்றாலும் சூரிய ஒளியாலும் மின்சாரம் ஆக்கும் திட்டத்துக்கு, இந்திய அரசின் நன்கொடையோடு, 2024 மார்ச்சு மாதத்தில் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. அது நம் மக்களுக்குப் பெரும் பேறு. அங்ஙனம் அரிதிற் பெறும் மின்சாரம் நீரிறைக்கவும் மருந்தைக் குளிரிற் பேணவும் இரவிற் படிக்கவும் முதலிற் பயன்படுக. மனத்தாற் செய்யத்தக்க கழித்தலுக்கு அதனைச் செலவிடுதல் எதற்கு? உப்புக்காற்றும் நினைக்கத்தக்கது. கடலோரத்தில் மின்சுற்றுக்கள் விரைவிற் களிம்பேறுவதை வானொலிப் பெட்டி வைத்திருந்த ஒவ்வொரு வீட்டாரும் அறிவர். பழுதுபட்ட பொறியைப் படகேற்றி யாழ்ப்பாணம் கொண்டுசென்றாலும் உறுப்புக் கிடைத்தல் அரிது. நல்லெண்ணத்தோடு வந்த எத்தனையோ பொறிகள் பாடசாலைகளின் மூலையறைகளிலே தூசு படிந்து கிடக்கின்றன. நார்ப்பலகைக்கு வேண்டிய பராமரிப்போ, ஒருபக்கம் தேயாதபடி இடைக்கிடை வட்டத்தைச் சுழற்றி, எண் வளையத்தை மீளப் பொருத்துவது மட்டுமே. ஈரம் படாமற் காத்தாற் போதும்.

இன்னுமோர் ஆசையையும் இங்கு வெளியிடுகின்றேன். சிசல் என்னும் பெயர் மெக்சிக்கோவின் யுக்கத்தான் கரையிலுள்ள ஒரு துறைமுகத்தின் பெயர். அத்துறையினின்று ஏற்றுமதியான நாருக்கு அத்துறையின் பெயரே நிலைத்தது. நம் தீவுகளிலோ பனைக்குக் குறைவில்லை. பனந்தும்பு வலியது, தூரிகைக்கும் துடைப்பத்துக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது. அதனைச் சீவி, நுனியொத்து அடுக்கி, வளையத்தினால் நெருக்கி ஒரு பலகை செய்து பார்க்கலாகாதா? சிசலினும் அது முரடாதலின், முனை எளிதிற் புகுமோ, புகுந்த துளை மூடுமோ என்பவை சோதித்தே அறியவேண்டுவன. நம் கைப்பணி வகுப்பு மாணவர் அதனைச் சோதிப்பாராக. வெற்றி பெறின் இத்தீவகத்துக்கு ஒரு கைத்தொழில். தோற்பினும் நார், அழுத்தம், உராய்வு என்பன பற்றி நல்லதொரு பாடம்.

எனவே அன்பருக்கு யான் எழுதிய விடை இதுவே: கீழ்வகுப்பினருக்கு விலைமலிந்த மென்முனைப் பலகை ஒன்று அனுப்புக, அது எண்ணாத பலகையாக இருந்தால் மேலும் நன்று. மேல்வகுப்பினருக்கு நார்ப்பலகை இரண்டு, உருக்குமுனை அம்புகள் சில, தெறிக்கும் அம்பைத் தாங்க நிலத்தில் விரிக்க ஒரு றப்பர் விரிப்பு என்பன அனுப்புக. இலத்திரனியற் பலகைக்கென ஒதுக்கிய பணத்தில் எஞ்சியதை நூல்நிலையத்துக்கு அளித்திடுக. வெண்கட்டியும் கரும்பலகையும் இங்கே உண்டு.

அவர் அதற்கு எழுதிய பதில் எனக்கு மகிழ்ச்சியளித்தது. தாம் வெளிநாட்டு மன்றமொன்றில் ஈராண்டுகளாகப் பொறிப்பலகையில் ஆடிவருவதாகவும், என் கடிதத்தைப் படித்த அன்றிரவு திரையைத் துணியால் மூடிவிட்டு ஆடிப் பார்த்ததாகவும், மூன்றாம் முறைக்குள்ளேயே தம் மிச்சம் எவ்வளவு என்பது மறந்துபோயிற்று என்றும் எழுதியிருந்தார். "கல்லூரியிலே வாய்பாடு பிழைத்ததற்கு வாங்கின் மேல் ஏறி நின்ற நாள் நினைவுக்கு வந்தது" என்பது அவர் கடிதத்தின் இறுதி வரி.

கல்லூரியின் விழாக்காலத்திற் கட்டடங்களைப் பற்றியும் நிதியைப் பற்றியும் பலர் பேசுவர், பேசவேண்டியதே. அவற்றோடு, மாணவன் தானே செய்யத்தக்க வேலைகளில் எவற்றைப் பொறியிடம் ஒப்படைக்கலாம், எவற்றை ஒப்படைக்கலாகாது என்பதையும் ஆசிரியரும் பழைய மாணவரும் கூடியிருந்து ஆராய்வாராக. இவ்விளையாட்டறைச் சுவரில் நாளை ஒரு நார்ப்பலகை தொங்குமாயின், அதன் பக்கத்தில் வெண்கட்டியோடு ஒரு மாணவன் நிற்பானாக. மின்சாரம் நின்ற மாலையிலும் அவன், "உனக்கு 32, எனக்கு 40, நீ எறி" என்று தயங்காது சொல்வானாயின், நம் கல்லூரி அன்னை தன் பணியைச் செய்தாள் எனக் கொள்ளலாம்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க!